கத்திரி அளந்த ஆள்

துணி மார்க்கெட் கட்டடத்துப் படிக்கட்டில் ஏறி இறங்குகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். இரண்டாம் மாடியில் ஆம்பிளைத் துணி தைக்கிற கத்திரி இருக்கிறாளே, அவள் தன் புருஷனால் ஆகாது என்று தெரிந்ததும், கடைக்கு வருகிற ஆம்பிளைகளை எல்லாம் டேப்பைப் போட்டு அளந்து பார்த்தாளாம். தோளும் இடுப்பும் காலும் சரியாக வந்த ஒருத்தனைப் பொறுக்கி எடுத்துப் பிள்ளை பெற்றுக்கொண்டாளாம். அந்த ஒருத்தன் நீச்சல் வாத்தியாராம். கீழே செருப்புக்கடையில் சொல்லும்போது வாத்தியார் மட்டும்தான். மூன்றாம் மாடி ஜெராக்ஸ் கடைக்குக் கதை ஏறிப் போவதற்குள் ஒரு பல் டாக்டரும் கூடச் சேர்ந்துகொண்டார்.

இதில் டேப் நிஜம். வாத்தியாரும் நிஜம். பல் டாக்டருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நடந்தது வேறு. கண், காது, மூக்கு வைத்து இவ்வளவு தூரம் ஜோடித்தவர்களுக்கு நிஜத்தை எட்டிப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் கற்பனை போதவில்லை. உள்ளதை உள்ளபடியே கேட்டுவிடுவோம்.

கத்திரிக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது ரேஷன் சாமான் மாதிரி, தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும். கையிலும் கத்திரி, வாயிலும் கத்திரி என்பதால் மார்க்கெட் வைத்த பேர்தான் நிலைத்தது. பேரம் பேச வந்தவனைத் துணியோடு சேர்த்து நறுக்கி அனுப்புவாள். ஆம்பிளைக்குப் பொம்பிளை தைப்பதா என்று முதலில் சிரித்தவர்கள், அவள் தைத்த பேண்ட்டில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். வாசலில் ஆள் நின்றாலே போதும், இடது தோள் இறக்கமா, தொப்பை மேலே ஏறியதா கீழே சரிந்ததா என்று கண் அளந்துவிடும். ஆளைப் பார்க்காமல் துணியில் கை வைக்க மாட்டாள். "எங்க அண்ணனுக்கும் என் சைஸ்தான், தைச்சுக் குடுங்க" என்று யாராவது வந்தால், "அண்ணனுக்குக் கால் இருக்குல்ல? ஏறி வரச் சொல்லுங்க" என்பாள்.

புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. ஹாரன் அடிப்பதையே வாயாடித்தனமாக நினைக்கிற ஆள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடி, கத்திரியின் உடம்பைப் பத்து விதமாகச் சோதித்து முடித்த பிறகுதான் ஒரு டாக்டரம்மா, "சாரையும் ஒருவாட்டி டெஸ்ட் பண்ணிடலாமே" என்றார். டெஸ்டில், அவரிடம் விதை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை என்று வந்தது. குறைவு இல்லை, பலவீனம் இல்லை, சுத்தமாக இல்லை. அன்றைக்கு மத்தியானம் பஸ்ஸை எடுத்தவர், ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை. பயணிகள் கத்தி, கண்டக்டர் விசிலை ஊதி ஊதி, கடைசியில் ஒரு சிக்னலில்தான் வண்டி நின்றது. "சாரி" என்று ஒரே வார்த்தை சொன்னாராம். அது யாருக்குச் சொன்னது என்று பஸ்ஸில் இருந்த ஒருத்தருக்கும் தெரியாது.

வேறொருவர் கொடுத்த விதையை வாங்கி, டாக்டர் கையால் கருப்பைக்குள் வைக்கிற வழி ஒன்று இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். சரி என்று முதலில் சொன்னவர் பஸ்காரர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "வெளிய ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. என் தங்கச்சிக்குக்கூட." கத்திரி தன் வாய்க்கு முதல் தடவையாகப் பூட்டுப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆளைத் தேர்ந்தெடுக்க உதவுவதற்கென்றே ஒரு மேடம். முதல் வேலையாகப் பஸ்காரரை ஷூவைக் கழற்றச் சொல்லிச் சுவரோடு நிற்க வைத்து உயரம் எடுத்தார்கள். சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கத்திரி பல்லைக் கடித்துக்கொண்டாள். நிறம், முடி, ரத்த க்ரூப் எல்லாம் கேட்டார்கள். அவருக்கு பி நெகட்டிவ்.

"முகம் காட்ட மாட்டோம், பேர் சொல்ல மாட்டோம்," என்றார் மேடம். "குடுத்தவருக்கும் உங்களைத் தெரியாது. உயரம், நிறம், படிப்பு, வேலை இந்த மாதிரி சில விவரம்தான்."

"ஆளைப் பாக்காம எப்படி மேடம்?"

"பாக்காமதாம்மா. அதுதான் விதி."

"முகம் வேண்டாம். ஒருவாட்டி நடந்து மட்டும் காட்டச் சொல்லுங்களேன். முதுகுப் பக்கம் இருந்து பாத்தாக்கூடப் போதும்."

மேடம் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். கத்திரி சிரிக்கவில்லை. அவள் நிஜமாகத்தான் கேட்டாள்.

மூன்று பேருடைய விவரம் கிடைத்தது. ஆறடி உயர இன்ஜினியர் ஒருவர். கிட்டார் வாசிக்கிற பேங்க்காரர் ஒருவர். மூன்றாவது ஆள் பள்ளிக்கூட வாத்தியார். பொழுதுபோக்கு நீச்சல், பஸ்காரரின் அதே உயரம், அதே மாநிறம், அதே பி நெகட்டிவ்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது பஸ்காரர் பேச்சை எடுத்தார். "ஆறடிக்காரனையே எடுத்துக்கலாம்."

"எதுக்கு? ஏணி இல்லாம பல்பு மாத்தவா?"

"என்னை மாதிரியே இன்னொண்ணு எதுக்குடி? இந்த ஒண்ணையே நீ விடிஞ்சதுல இருந்து திட்டிட்டு இருக்க."

"திட்டிப் பழகின உருவம். ஆறடிக்கு அண்ணாந்து திட்டினா எனக்குக் கழுத்து வலிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சும்மா சொல்லல. என்கிட்டதான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சு. வாங்குறதுன்னு ஆனப்புறம் ஒசத்தியா வாங்கலாமே. துணி எடுக்கப் போனா நீ மட்டமா எடுப்பியா?"

கத்திரிக்குச் சுருக்கென்றது. "நான் துணி எடுக்கப் போகல. உங்க புள்ளைய எடுக்கப் போறேன். நாளைக்கு உங்க பக்கத்துல நிக்கும்போது அது அடுத்த வீட்டுப் புள்ள மாதிரி நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் யூனிஃபார்ம் பட்டனைப் போட்டபடி வாசலில் நின்று, "அந்த வாத்தியாரே இருக்கட்டும்," என்றார். முகத்தைத் திருப்பவில்லை. அது சம்மதமா, சலிப்பா என்று கத்திரிக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

தேர்ந்தெடுத்தால் மட்டும் ஆயிற்றா? முட்டை வளர வேண்டும். மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று அலைந்தாள். கடையில் ஒவ்வொரு தடவையும் "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். எதிர்க்கடைக்காரிக்கு இது உறுத்தியது. பட்டனும் ஜிப்பும் விற்கிற அந்த அக்காவுக்கு மார்க்கெட்டில் ஜிப்பு என்று பேர். விற்கிற சரக்கில் ஒன்றைக்கூடத் தன் வாய்க்கு வைத்துக்கொள்ளாததால் வந்த பேர் அது.

"ஏண்டி, மனுசிக்கு முப்பத்திரண்டு பல்லுதான். நீ போற போக்கைப் பாத்தா முதலைக்கு வைத்தியம் பாக்குற மாதிரி இருக்கே?" என்பாள் ஜிப்பு.

"ஆமாக்கா, கடிக்கிறதுக்குத் தீட்டி வைக்கிறேன். ஆள் யாருன்னு இன்னும் முடிவு பண்ணல," என்று கத்திரி நழுவிவிடுவாள்.

முதல் மாதம் முட்டை வளரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. டாக்டரம்மா முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "உங்களுக்கு முட்டை வேகமா குறைஞ்சுட்டு வருது. இந்தத் தடவையும் இல்லைன்னா உங்க சொந்த முட்டையில முயற்சி பண்ணச் சொல்ல எனக்கே மனசு வராது," என்றார். அந்தத் தடவை வளர்ந்தது. ஒன்றே ஒன்று. ஸ்கேன் திரையில் கறுப்பாக, நல்ல சட்டைப் பட்டன் மாதிரி உருண்டையாக இருந்தது. டாக்டரம்மா திரையை விரலால் தட்டிக் காட்டினார். "இதைக் கோட்டை விட்டுடாதீங்க. இன்னிக்குச் சாயங்காலம் நான் சொன்ன நேரத்துக்கு முட்டை வெளிய வர்ற ஊசி போட்டுடணும். நாளை மறுநாள் காலைல வந்துடுங்க. வச்சுடலாம்."

கத்திரி காற்றில் மிதந்தபடி கடைக்குத் திரும்பினாள். அன்று மத்தியானம்தான் அந்த ஆள் படியேறி வந்தார்.

"அக்கா, ரொம்ப அவசரம். நாளை மறுநாள் இன்டர்வியூ. ஒரு பேண்ட், ஒரு சட்டை. முடியுமா?"

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவள், அன்றைக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல மனசில்லாமல், டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். தோளை அளந்தாள். அட, நம்ம வீட்டு ஆள் தோள் என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பு ஒரு விரல் குறைவு. பேண்ட் நீளம் எடுக்க முட்டி போட்டு, எல்லாருக்கும் எடுப்பது போல ஷூவோடு நிற்க வைத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரை டேப்பை இறக்கினாள். அட்சரம் பிசகாமல் பஸ்காரரின் நீளம். நிமிர்ந்து பார்த்தாள். மாநிறம். அடர்த்தியான முடி.

"எந்த இடத்துல வேலை தம்பி?"

"ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கேன்க்கா. இந்த ஊருக்குப் புதுசு. இப்ப பெரிய ஸ்கூல் ஒண்ணுல நீச்சல் சொல்லிக் குடுக்க ஆள் எடுக்கிறாங்க. அதுக்குத்தான் இன்டர்வியூ."

டேப்பின் நுனி கத்திரியின் கையிலிருந்து நழுவியது. அவள் தரையில் முட்டி போட்டபடியே இருந்தாள். அப்போது வாய் அவளைக் கேட்காமல் ஒரு வேலை செய்தது.

"தம்பிக்கு ரத்தம் என்ன க்ரூப்பு?"

"என்னக்கா?"

"ரத்தம். க்ரூப்பு."

"பி நெகட்டிவ். ஏன்க்கா, பேண்ட்டுக்கு அதுவும் வேணுமா?"

பின்னால் ஒரு இருமல் கேட்டது. ஜிப்பு, கத்திரி கேட்டிருந்த ஜிப்புகளை ஒரு பொட்டலமாகக் கையில் வைத்துக்கொண்டு, வாசல்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தால், இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்கிற வருத்தம் மட்டும் தெரிந்தது.

"நாளைக்கு மத்தியானம் ட்ரையலுக்கு வாங்க," என்று கத்திரி எப்படியோ சொல்லி முடித்தாள்.

வீட்டுக்குப் போனதும் பஸ்காரரை உட்கார வைத்து நடந்ததைச் சொன்னாள். ஊசி பிரிட்ஜிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கப்பட்டிருந்தது. டாக்டரம்மா சொன்ன நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஊருல வாத்தியாருக்கா பஞ்சம்?" என்றார் அவர்.

"நீச்சல் வாத்தியாரு. பி நெகட்டிவ். உங்க உயரம், உங்க தோள். இதுக்கு மேல என்ன வேணும், நெத்தியில எழுதி ஒட்டிட்டு வரணுமா?"

"மேடத்துக்குப் போன் போடு."

போட்டாள். மேடம் பொறுமையாகச் சொன்னார். "வெளியூர்ல இருந்து வந்த சாம்பிள்மா. இதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்ல."

"அந்த ஆளும் வெளியூர்ல இருந்து வந்தவருதான் மேடம்!"

மேடம் குரலைத் தாழ்த்தினார். "வேண்டாம்னா சொல்லுங்க. ஆளை மாத்தலாம். ஆனா வேற சாம்பிள் வந்து சேர நாளாகும். இந்த மாச முட்டை போயிடும்."

போனை வைத்த கத்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பேண்ட்டை மடிச்சுத் தைக்க அந்த ஆளு கடைக்கு வருவாருங்க. நம்ம புள்ள கல்லாப்பெட்டி பக்கத்துல உக்காந்திருக்கும். ரெண்டு முகமும் ஒண்ணா இருக்கும். எதிர்த்தாப்புல ஜிப்பு உக்காந்திருப்பா. நினைச்சுப் பாருங்க."

பஸ்காரர் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தார். "ஆளு பாக்க எப்படி?" என்று கேட்டார்.

"அது இப்ப எதுக்கு?"

"சொல்லேன்."

"நல்லாத்தான் இருக்காரு."

"ம்." அவர் மேசையின் ஓரத்தைத் தேய்த்தார். "இத்தனை நாளா அந்த ஆளுக்கு உருவமே இல்ல. எனக்கு அதுதான் சௌகரியமா இருந்துச்சு. இப்ப தோளும் இடுப்பும் வந்துடுச்சு. நீ வேற தொட்டு அளந்துட்டு வந்திருக்க."

கத்திரிக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் கண்ணைப் பார்த்ததும் அப்படியே இறங்கிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் இந்த வாக்கியத்துக்கு நாலு நாள் சண்டை நடந்திருக்கும். இன்றைக்கு நேரமில்லை.

"ஊசியைப் போடுங்க," என்றாள் சட்டையைத் தூக்கியபடி. "போட்டா கதவு திறந்திருக்கும். நாளை மறுநாள் காலைல வேண்டாம்னு சொல்லிக்கலாம். போடலைன்னா இப்பவே மூடிடும்."

அவ்வளவு பெரிய பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிற கை, அந்தச் சின்ன ஊசியின் அளவை மூன்று தடவை சரிபார்த்தது. ஊசி போட்டு முடித்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் கத்திரி எதிர்பார்க்காத ஒரு ஆள் படியேறி வந்தார். பஸ்காரர், யூனிஃபார்மோடு, டூட்டியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் கடைக்கு வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். எதிர்க்கடையில் ஜிப்பு கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கொஞ்ச நேரத்தில் நீச்சல் வாத்தியார் நொண்டி நொண்டி வந்தார்.

பேண்ட்டை மாட்டிக்கொள்ள அவர் திரைக்குப் பின்னால் போனதும், பஸ்காரர் தொண்டையைச் செருமினார். வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த பேச்சை அன்றைக்கே செலவழிக்க வந்தவர் மாதிரி ஆரம்பித்தார்.

"தம்பிக்கு அப்பா இருக்காரா?"

"இருக்காருண்ணே," என்றது திரை.

"தலை வழுக்கையா?"

"இல்லண்ணே, நல்லா இருக்கு."

"சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு, அப்படி ஏதாவது? தாத்தாவுக்கு?"

திரை கொஞ்சம் யோசித்தது. "தாத்தா மரத்துல இருந்து விழுந்துதான் செத்தாரு."

"கோபம் வருமா உங்களுக்கு?"

"ஏங்க, சும்மா இருங்க," என்று கத்திரி பல்லுக்கிடையில் சொன்னாள்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தயங்கிய சிரிப்பு கேட்டது. "அண்ணே, அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து அக்கா ரத்த க்ரூப் கேட்டப்பவே நினைச்சேன். வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கா? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு." திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை போனை நீட்டியது.

பஸ்காரர் வாங்கிப் பார்த்தார். முன்பல் விழுந்த ஒரு குட்டி, தலையில் நீச்சல் தொப்பி, கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, யாரையோ பார்த்து நாக்கைத் துருத்திக்கொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போன் திரை அணைந்தது. தட்டி எழுப்பி மறுபடியும் பார்த்தார். கத்திரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் இப்போது எழுந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த ஒரே ஒரு முட்டையும் நாளைக்குச் சும்மா போய்விடும்.

அவர் அவள் காதுப் பக்கம் குனிந்தார். "இவரா இருந்தா இருக்கட்டும்டி," என்றார் மெல்ல. "நல்ல மனுஷனாத் தெரியுறாரு. இந்த மாதிரி நாக்கு நீட்டுற ஒண்ணு நம்ம வீட்டுலயும் இருக்கட்டுமே. ஜிப்பு என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும்."

கத்திரி கண்ணைத் துடைத்தாள். எதிர்க்கடையிலிருந்து அது நன்றாகத் தெரிந்திருக்கும். அப்போது திரை விலகியது.

வாத்தியார் வெறுங்காலோடு நின்றார். பேண்ட் காலைத் தாண்டி, பாதத்தைத் தாண்டி, தரையில் குப்பையாகக் குவிந்து கிடந்தது. முன்னும் பின்னும் மிதிபட்டது.

"என்னக்கா இது, எங்க அப்பாவுக்கும் சேர்த்துத் தைச்சுட்டீங்களா?"

கத்திரி நம்பவில்லை. அவள் வெட்டிய நீளம் ஒரு நாளும் பிசகியதில்லை. "ஷூவை எங்க?"

"புதுசுக்கா, காலைக் கடிக்குது. கழட்டிட்டேன்." அவர் வெட்கத்தோடு காலைச் சுருக்கினார். "அது வந்து... உள்ள உயரம் குடுக்கிற கட்டை வச்ச ஷூ. இன்டர்வியூல உயரமா இருந்தா மதிப்பா இருக்கும்னு எங்க வீட்டுல வாங்கிக் குடுத்தா."

கத்திரி எழுந்த வேகத்தில் குண்டூசிப் பெட்டி கவிழ்ந்தது. "என்னங்க, எந்திரிங்க. உங்க ஷூவைக் கழட்டுங்க."

"இங்கயா?" பஸ்காரரின் முகம் மாறியது. "சாக்ஸ்ல..."

"தெரியும், ஓட்டை. கழட்டுங்க!"

இரண்டு பேரையும் முதுகோடு முதுகாக நிற்க வைத்தாள். வாத்தியாரின் உச்சந்தலை பஸ்காரரின் காதுமடல் வரைதான் வந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரையும் வெறுங்காலோடுதான் சுவரில் நிற்க வைத்து அளப்பார்கள். விதை கொடுத்த ஆளுக்கும் ஏதோ ஒரு ஊரில் அதே மாதிரிச் சுவர், அதே வெறுங்கால். அந்த ஆள் பஸ்காரரின் உயரம். இந்த ஆள் காதுமடல். தையற்காரி ஷூவோடு அளந்ததில், ஷூக்குள் ஒளிந்திருந்த கட்டையையும் சேர்த்து அளந்திருக்கிறாள். ரத்தமும் நீச்சலும் ஒத்துப்போனது வெறும் தற்செயல்.

அவள் துணிக்கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. வாத்தியார் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் பஸ்காரரைப் பார்த்தார். பஸ்காரர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது அவருக்கு. "ஆளு நல்ல ஆளாச்சேடி," என்று மட்டும் பிறகு முணுமுணுத்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கத்திரி படுத்திருந்தாள். உறைநிலையிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய விதை ஒரு மெல்லிய குழாயில் வந்தது. நர்ஸ் குழாயில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்தாள். பஸ்காரர் தன் கையிலிருந்த சீட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, "இன்னொருவாட்டி படிங்கம்மா," என்றார். நர்ஸ் படித்தாள். "கடைசி எண்ணை மட்டும் இன்னொருவாட்டி." டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை. குளிர்ந்த இரும்பு, ஒரு சுருக், கூரையில் வரிசையாக விளக்கு. இது நிற்காவிட்டால் இன்னொன்று இல்லை என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பஸ்காரர் அவள் கையைப் பிடித்திருந்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடி. விரல் வலித்தது. விடச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"முடிஞ்சுதும்மா. கொஞ்ச நேரம் அசையாம படுத்திருங்க."

"இவ்வளவுதானா?" என்றார் பஸ்காரர். "ஸ்டாப்புல ஆள் ஏத்துறதே இதைவிட நேரமாகும்."

நின்றது. கரு நின்றதா என்று தெரிகிறவரை கத்திரி வெட்டிய சட்டைகள் யாருக்கும் சேரவில்லை. ஒருத்தருக்குக் கை நீளம், ஒருத்தருக்குக் கழுத்து இறுக்கம். வந்து கத்தியவர்களிடம் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டாள். அதிலேயே பாதி மார்க்கெட்டுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிறகு வயிறு தெரிந்தது. பிறகு பெண் குழந்தை பிறந்தது. ஜிப்பு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மண்டியிட்டு அளந்தாள், ரத்த க்ரூப் கேட்டாள், புருஷன் வந்து வம்சத்தையே விசாரித்தான், போட்டோவைப் பார்த்து அழுதாள், இரண்டு ஆம்பிளைகளையும் முதுகோடு முதுகாக நிறுத்தி ஒப்பிட்டாள். கண்ணால் கண்டவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

கதை மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒருநாள் பெரிய ஸ்கூல் வாசலுக்கும் போய்ச் சேர்ந்தது. நீச்சல் வாத்தியாரின் மனைவி தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. "அக்கா, எங்க வீட்டுக்காரரு ஒண்ணுமில்லன்னு சத்தியம் பண்றாரு. ஊரே வேற சொல்லுது. எதை நம்பணும்னு நீங்களே சொல்லிடுங்க."

படிக்கட்டில் செருப்புக்கடையும் ஜெராக்ஸ் கடையும் ஏறி இறங்குவதை நிறுத்திவிட்டன. ஜிப்பு வாசலுக்கே வந்துவிட்டாள். பஸ்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மூலையில் நின்றிருந்தார். கத்திரி அவரைப் பார்த்தாள். வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் கேட்டிருந்த அந்த ஒரே வாக்கை இப்போது உடைக்க வேண்டும். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"சொல்லிடு," என்றார். "சத்தமாவே சொல்லு. மூணாவது மாடிக்கும் கேக்கட்டும்."

கத்திரி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. என் புருஷனுக்கு விதை இல்ல. அதுல அசிங்கம் ஒண்ணும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசி, யாருன்னே தெரியாத ஒரு ஆளு குடுத்ததை ஆஸ்பத்திரியில வாங்கினோம். டாக்டரம்மா வச்சாங்க, இவரு பக்கத்துல நின்னு என் கையை ஒடிச்சாரு. இந்தப் பொண்ணோட புருஷனை நான் அளந்தது ஒரே ஒரு பேண்ட்டுக்கு. ஜிப்பு அக்கா, அளந்து பாத்து ஆளை எடுக்கிற வசதி அங்க இருந்திருந்தா, யாரோ என்னவோன்னு நான் ஏன் அவ்வளவு நாள் தூங்காம கிடந்து சாகணும்?"